பழைய கைக்கருவியின் ஊரும் வயதும்

பழைய இரும்புக் கடையில் ஓர் இழைப்புளியைக் கையில் எடுத்தால், கடைக்காரர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு பெரும்பாலும் "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் சார்" என்பதுதான். அது உண்மையாக இருக்கலாம். 1960-களில் கப்பலேறி வந்த சரக்காகவும் இருக்கலாம். அவரிடம் வாதாடிப் பயனில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லி விற்றிருப்பார்கள். கருவியையே விசாரித்துப் பதில் வாங்கும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது. கைக்கருவிகளில் அதிகம் ஆராயப்பட்ட ஸ்டான்லி இழைப்புளியை வைத்து முறையைக் கற்றுக்கொண்டு, பிறகு ரம்பம், மர இழைப்புளி, மற்றவை என்று போகலாம்.

அடிப்படை விதி

கருவியில் பொறித்த ஆண்டு, பெயர், எண் எதுவானாலும் அது உறுதியாகச் சொல்வது ஒன்றைத்தான்: 'இதற்கு முன்னால் என்னைச் செய்திருக்க முடியாது.' இதைக் கீழெல்லை என்போம். எவ்வளவு காலம் கழித்துச் செய்தார்கள் என்பதை அந்தக் குறி சொல்லாது. அதற்கு வேறு சாட்சி வேண்டும்: நிறுத்தப்பட்ட ஒரு வடிவம், கைவிடப்பட்ட ஒரு முத்திரை, கைமாறிய ஒரு நிறுவனம். இது மேலெல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் கருவியின் வயது. புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் கீழெல்லையைப் பார்த்ததும் அதையே பிறந்த ஆண்டாக எழுதிவிடுகிறார்கள். வயதைத் தப்பாகக் கணிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கழுவாதீர்கள்

வாங்கியதும் கம்பி பிரஷ், உப்புத்தாள், அமிலம் எதையும் எடுக்காதீர்கள். ரம்பத்தின் பக்கவாட்டில் அமிலத்தால் அரித்து எழுதிய எழுத்து தலைமுடி அளவு ஆழம்கூட இருக்காது; முரட்டுத் தாளால் தேய்த்தால் முகவரியே போய்விடும். மெல்லிய எண்ணெய், பழைய பருத்தித் துணி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ், அங்குலமும் மில்லிமீட்டரும் உள்ள அளவுகோல், ஒரு டார்ச் போதும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தின் நிழல் எழும். கழற்றுவதற்கு முன்பும் பின்பும் படம் எடுங்கள். கழற்றிய திருகுகளை வந்த துளையிலேயே திரும்பப் போடுங்கள். எது மாற்றுத் திருகு என்பதும் ஒரு சாட்சி.

முழு எடுத்துக்காட்டு: ஸ்டான்லி இழைப்புளி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், நியூ பிரிட்டன் நகரில் இருந்த ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் நிறுவனம், லியோனார்டு பெய்லியின் இழைப்புளித் தொழிலை 1869-இல் வாங்கியது. அந்தப் 'பெய்லி' வடிவத்தை அது பல தலைமுறைகள் சிறுசிறு மாற்றங்களோடு வார்த்துக்கொண்டே இருந்தது. சேகரிப்பவர்கள் அந்த மாற்றங்களை வரிசைப்படுத்தி 'டைப்' எண்கள் கொடுத்தார்கள். எண்கள் அவர்கள் வசதிக்கு வைத்தவை. தொழிற்சாலை அப்படி எண்ணவில்லை. பழைய பாகங்கள் தீரும்வரை புதியவற்றோடு சேர்த்துப் பூட்டி அனுப்புவதும் வழக்கம். ஆகவே கீழே உள்ள ஆண்டுகளை ஓரிரண்டு வருடம் முன்பின்னாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டிய வரிசை இது:

- *பக்கவாட்டு நெம்பி.* அலகை இடம் வலமாக நகர்த்தும் இந்தச் சிறு தண்டுக்கு ஜஸ்டஸ் டிராட் பெற்ற காப்புரிமையின் தேதி 1884 அக்டோபர் 21. இது இல்லாத பெய்லி அதற்கு முந்தையதாக இருக்கலாம். யாரோ கழற்றிவிட்டதாகவும் இருக்கலாம். தண்டு இருந்த துளையைத் தேடுங்கள்.
- *மூக்கில் 'பெய்லி'.* முன்பக்கத்தில் இந்தப் பெயரை வார்க்கத் தொடங்கியது 1902 வாக்கில்.
- *ஃப்ராக் திருகு.* அலகு சாய்ந்து உட்காரும் வார்ப்புத் துண்டை ஃப்ராக் என்பார்கள். அதை முன்னும் பின்னும் நகர்த்த அதன் பின்புறம் ஒரு திருகு வந்தது 1907 வாக்கில்.
- *உடலில் உள்ள தேதிகள்.* ஃப்ராக்குக்குப் பின்னால் மூன்று தேதிகள் வார்த்திருந்தால் (மார்ச் 25, 1902, ஆகஸ்ட் 19, 1902, ஏப்ரல் 19, 1910) உடல் 1910-க்கும் 1920-களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது. 1910 தேதி மட்டும் தனியாக இருந்தால் அது 1920-களின் பிற்பகுதி.
- *முன் குமிழ்.* குட்டையாக இருந்தால் பழையது. உயரமான குமிழ் வந்தது 1919 வாக்கில். அதன் அடிப்பாகத்தைச் சுற்றி உடலிலேயே ஒரு வளையம் வார்த்திருந்தால் 1920-களின் இறுதிக்குப் பிந்தையது.
- *லீவர் கேப்.* அலகை அழுத்திப் பிடிக்கும் மூடியில் உள்ள துளை சாவித்துவாரம் போல இருந்தால் பழைய வடிவம். முந்திரிப்பருப்பு போல வளைந்திருந்தால் 1933-க்குப் பிறகு.
- *அலகின் முத்திரை.* இதய வடிவத்துக்குள் 'எஸ்.டபிள்யூ.' எழுத்துகள் இருந்தால் 1920-க்கும் 1930-களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது. ஸ்டான்லி ஒர்க்ஸ் என்ற சகோதர நிறுவனத்தோடு 1920-இல் இணைந்தபின் வந்த முத்திரை அது. இதயம், அந்நிறுவனத்தின் தலைவர் வில்லியம் ஹார்ட்டின் பெயரை ஒட்டியது.
- *போர்க்காலக் குறைகள்.* பித்தளைக்குப் பதில் கறுப்புக் கெட்டி ரப்பரிலோ எஃகிலோ செய்த சரிப்படுத்தும் சக்கரம், ரோஸ்வுட்டுக்குப் பதில் சாயம் பூசிய சாதாரணக் கட்டை, வழக்கத்தைவிடக் கனத்த வார்ப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் 1942–45.

மூன்று தேதிகளின் கதையை மட்டும் சற்று நின்று பார்ப்போம்; மேலே சொன்ன விதி அதில் முழுதாகத் தெரிகிறது. அக்காலத்து அமெரிக்கக் காப்புரிமைக்கு ஆயுள் 17 ஆண்டுகள். 1902-இல் பெற்ற இரண்டும் 1919-இல் காலாவதியாயின. 1910-இல் பெற்றது 1927-இல். வார்ப்பு அச்சுகளிலிருந்து அந்தத் தேதிகள் சில ஆண்டு தாமதத்தோடு அதே வரிசையில் உதிர்கின்றன. தேதியை வார்த்ததன் நோக்கம் போட்டியாளரை எச்சரிப்பது. வாங்குபவருக்கு உற்பத்தி ஆண்டைத் தெரிவிக்கும் எண்ணம் ஆலைக்கு இல்லை. '1902' என்று வார்த்த இழைப்புளி 1922-இல் ஆலையை விட்டு வெளியே வந்திருக்க முழு வாய்ப்பு உண்டு.

தேதிக்குப் பதில் காப்புரிமை எண் மட்டும் இருந்தால் மூன்று மைல்கற்களை மனத்தில் வையுங்கள். அமெரிக்கக் காப்புரிமை பத்து லட்சத்தைத் தொட்டது 1911 ஆகஸ்டில். இருபது லட்சத்தை 1935 ஏப்ரலில். முப்பது லட்சத்தை 1961 செப்டம்பரில். ஏழு இலக்க எண்ணைப் பார்த்தாலே கீழெல்லை 1911 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

உடம்பு ஒன்று, உறுப்பு வேறு

இழைப்புளியின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டவை. அதனால்தான் நூறு ஆண்டு உழைக்கின்றன. அதனாலேயே நம்மைக் குழப்பவும் செய்கின்றன. அலகு தேய்ந்துபோகும் பொருள். தினமும் தீட்டும் ஆசாரி கையில் பல அலகுகள் தீர்ந்திருக்கும். ஆகவே அலகின் முத்திரையை வைத்து முழுக் கருவிக்கும் வயது சொல்லக் கூடாது. சாட்சிகளின் தரவரிசை: முதலில் உடல், அடுத்து ஃப்ராக், அடுத்து லீவர் கேப், அடுத்து மரப் பாகங்கள், கடைசியாக அலகு.

பாகங்கள் ஒரே வீட்டில் பிறந்தவையா என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. கறுப்புப் பூச்சின் பளபளப்பும் உரிந்த விதமும் உடலிலும் ஃப்ராக்கிலும் ஒத்துப்போக வேண்டும். லீவர் கேப்பின் விளிம்பு அலகின் மேல் பல ஆண்டு அழுத்திய தடம், இப்போது உட்காரும் இடத்திலேயே விழுந்திருக்க வேண்டும். திருகுகளின் காடி எல்லாவற்றிலும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். நட்சத்திரத் தலைத் திருகு ஒன்று தென்பட்டால், ஹென்றி ஃபிலிப்ஸின் அந்த வடிவம் சந்தைக்கு வந்ததே 1930-களின் நடுப்பகுதியில் என்பதை நினைவில் வையுங்கள். மரத்தில் இறங்கும் திருகுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. கூரிய முனையோடு இயந்திரத்தில் செய்த திருகுகள் பரவியது 1840-களின் பிற்பகுதிக்குப் பின்; அதற்கு முந்தியவற்றின் முனை மழுங்கலாக இருக்கும்.

பெயர் ஓர் ஊர், பிறப்பு வேறு ஊர்

ஸ்டான்லி என்றதும் நியூ பிரிட்டன் என்று எழுதிவிடாதீர்கள். 1930-களின் பிற்பகுதியில் அந்நிறுவனம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த ஒரு கருவி ஆலையை வாங்கி அங்கும் உற்பத்தியைத் தொடங்கியது. கனடாவின் கியூபெக் மாகாணத்து ராக்ஸ்டன் பாண்டிலும் அதற்கு ஆலை இருந்தது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று வார்த்த ஸ்டான்லிதான் மிகப் பழையது என்று நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். அது 1930-களின் பிற்பகுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. மேலே உள்ள பட்டியல் அமெரிக்க ஸ்டான்லிக்கு உரியது. இங்கிலாந்தில் வார்த்தவற்றை அதன்படி அளந்தால் கணக்கு இடிக்கும். பழைய வடிவங்கள் அங்கே வேறு வேகத்தில் மாறின. 'ரெக்கார்டு' இழைப்புளி பெய்லியின் அச்சுப்போல இருக்கும், ஆனால் அது ஷெஃபீல்டின் சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் நிறுவனம் 1930-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீலப் பூச்சோடு தமிழ்நாட்டுப் பழைய பட்டறைகளில் கண்ணில் படுவது பல நேரம் இதுவே.

ஊரைச் சொல்லும் சட்டங்களும் உண்டு. ஜெர்மன் சரக்குகள் ஆங்கிலப் பெயரோடு விற்கப்படுவதைத் தடுக்க, பிரிட்டன் 1887-இல் வணிகக்குறிச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்கா 1890-இன் மெக்கின்லி தீர்வைச் சட்டத்தின் மூலம், இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயரை எழுதச் சொன்னது. நடைமுறைக்கு வந்தது 1891 மார்ச்சில். நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது என்று கொள்ளலாம். பெயர் இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உள்நாட்டில் விற்ற கருவிக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. அரசியல் வரைபடம் மாறியதும் உதவும்: செக்கோஸ்லோவாக்கியா என்றால் 1918-க்குப் பின், மேற்கு ஜெர்மனி என்றால் 1949–1990, 'ஆக்குபைட் ஜப்பான்' என்றால் இரண்டாம் உலகப்போர் முடிந்ததிலிருந்து 1952 வரை.

பிரிட்டிஷ் கருவியில் சாய்சதுரக் கட்டத்துக்குள் எழுத்துகள் தெரிந்தால் அது வடிவமைப்புப் பதிவு முத்திரை. 1842-க்கும் 1883-க்கும் இடையில் வழங்கியது. உச்சியில் உள்ள வட்டத்தில் ஒன்றைக் குறிக்கும் ரோமன் எண் (I) இருந்தால் உலோகப் பொருள் என்று அர்த்தம். ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையிலும், 1868 முதல் வலது மூலையிலும் இருக்கும். 1884 முதல் அந்தக் கட்டம் போய், 'ஆர்டி. நம்பர்' என்ற தொடர் எண் வந்தது. இவையும் பதிவு செய்த நாளைத்தான் சொல்லும்.

நிறுவனத்தின் பெயர் நிறுவனத்தைவிட நீண்ட ஆயுள் கொண்டது. உளிக்குப் பேர்போன மார்ப்பிள்ஸ் ஷெஃபீல்டில் பிறந்த பெயர். பிற்காலத்தில் அது அமெரிக்காவின் இர்வின் நிறுவனத்தின் கைக்குப் போனது. எனவே 'மார்ப்பிள்ஸ்' என்ற எழுத்தை மட்டும் பார்த்து ஊர் சொல்ல முடியாது. அதனோடு சேர்ந்த முகவரி, கைப்பிடியின் பொருள், உளியின் செய்நேர்த்தி மூன்றையும் பாருங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி என்றாலே இருபதாம் நூற்றாண்டு, அதிலும் பெரும்பாலும் பிற்பாதி.

'காஸ்ட் ஸ்டீல்' என்ற முத்திரையைப் பலர் வார்ப்பிரும்பு என்று படித்துவிட்டு ஒதுக்குகிறார்கள். அது மூசையில் உருக்கிய உயர்தர எஃகு. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் ஷெஃபீல்டு அருகே கண்ட முறை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை தரச்சான்றாக அலகுகளில் குத்தினார்கள். இதற்கு எதிர்முனையில் 'குரோம் வனேடியம்' இருக்கிறது. அது ஸ்பேனரில் இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ரம்பம்: பொத்தானைப் படியுங்கள்

கைரம்பத்தின் கைப்பிடியில் ஒரு பெரிய பித்தளைப் பொத்தான் இருக்கும். முகவரி பெரும்பாலும் அதில்தான். ஃபிலடெல்ஃபியாவில் 1840-இல் ரம்பத் தொழிலைத் தொடங்கிய ஹென்றி டிஸ்ட்டன் இங்கிலாந்தில் பிறந்தவர். மூத்த மகன் 1865-இல் பங்காளியானதும் பொத்தானில் 'டிஸ்ட்டன் அண்ட் சன்' என்று வந்தது. 1871-இல் மற்றப் பிள்ளைகளும் சேர, அது 'சன்ஸ்' ஆயிற்று. ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்து இல்லாத ரம்பம் ஆறே ஆண்டு இடைவெளியில் சிக்கிக்கொள்கிறது. இவ்வளவு குறுகிய எல்லை வேறு கருவிகளில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். குடும்பத்தின் கையிலிருந்து நிறுவனம் ஹெச்.கே. போர்ட்டர் வசம் போனது 1955-இல். அந்தப் பெயர் தெரிந்தால் மேலே தேட வேண்டாம்.

டிஸ்ட்டனின் உயர்ரக ரம்பத்தில் 'லண்டன் ஸ்பிரிங் ஸ்டீல்' என்று அரித்து எழுதியிருக்கும். செய்தது ஃபிலடெல்ஃபியாவில். இங்கிலாந்து எஃகுக்கு இருந்த மரியாதையை விற்பனைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதேபோல 'வாரண்டட் சுப்பீரியர்' என்ற பொத்தான் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. பல ஆலைகள் அதைப் பூட்டின. அதை மட்டும் வைத்து ஊர் சொல்பவரை நம்பாதீர்கள்.

கைப்பிடித் திருகுகளையும் பாருங்கள். மரத்தோடு சமமாக உட்கார்ந்து, நடுவில் பிளந்த பித்தளை நட்டு பழைய முறை. அமெரிக்காவில் 1870-களின் பிற்பகுதியிலிருந்து மேடிட்ட தலை கொண்ட நட்டு அதை விரட்டியது. இங்கிலாந்திலோ பிளந்த நட்டு இன்னும் பல காலம் தொடர்ந்தது. ஒரே அடையாளம் இரண்டு நாடுகளில் இரண்டு வயதைச் சொல்கிறது. ஆகவே ஊரை முடிவு செய்யாமல் வயதுக்குப் போகக் கூடாது.

மர இழைப்புளி

முழுக்க மரத்தாலானவற்றில் மூக்கு முகத்தில் குத்திய பெயரே முதல் சாட்சி. அதற்கு அடுத்தவை மரமும் நீளமும் ஓரச் செதுக்கும். பிரிட்டிஷ் இழைப்புளிக்குப் பீச் மரம். பதினெட்டாம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தில் மஞ்சள் பிர்ச். சித்திர விளிம்பு எடுக்கும் பிரிட்டிஷ் இழைப்புளி அந்த நூற்றாண்டின் முற்பாதியில் பத்து, பத்தரை அங்குலம்வரை இருந்தது; பிற்பாதியில் ஒன்பதரை அங்குலத்தில் நிலைத்தது. பழையவற்றில் ஓரங்களைத் தட்டையாக அகலமாகச் சீவியிருப்பார்கள், பிந்தியவற்றில் உருட்டியிருப்பார்கள். அலகுக்கு மேல் இன்னொரு தகடு சேர்த்த இரட்டை அலகு 1760-களுக்குப் பின் பரவியது. பழைய அலகு முழு எஃகு இல்லை. இரும்பின்மேல் மெல்லிய எஃகுத் தகட்டைப் பற்றவைத்து அடித்தது. வெட்டுவாயைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்த கோடு தெரியும்.

ஊரையே முத்திரையில் எழுதிய நல்லவர்களும் உண்டு. மாசசூசெட்ஸின் ரெந்தம் ஊரில் பிரான்சிஸ் நிக்கல்சன் தன் பெயரோடு 'லிவிங் இன் ரெந்தம்' என்று குத்தினார். அவரிடம் அடிமையாக வேலை கற்ற சீசர் செலோர், 1753-இல் நிக்கல்சன் இறந்ததும் உயிலின்படி விடுதலை பெற்று, அதே ஊரில் தன் பெயரில் இழைப்புளிகள் செய்தார். அவர் பெயர் பொறித்தவற்றை 1753-க்கும் அவர் இறந்த 1784-க்கும் நடுவில் வைக்கிறார்கள். கருவி செய்தவரின் வாழ்க்கையே இங்கு இரண்டு எல்லைகளையும் தந்துவிடுகிறது. இவற்றின் விலை ஏறியிருப்பதால் போலி முத்திரைக்கும் வாய்ப்பு அதிகம்.

உடைமையாளர் முத்திரை

செய்தவர் குறியோடு உடைமையாளர் குறியைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரிட்டிஷ் அரசுடைமைக்கு அம்புக்குறி. அதனோடு ஆண்டும் குத்தியிருந்தால், அது காப்புரிமைத் தேதி போல ஏமாற்றாது. அரசுக்கு வாங்கிய காலத்தைச் சொல்லும்.

நமக்கு நெருக்கமானவை ரயில்வே குறிகள். 'எஸ்.ஐ.ஆர்.' என்ற சவுத் இந்தியன் ரயில்வே 1874 முதல் 1951 வரை, 'எம். அண்ட் எஸ்.எம்.' என்ற மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா 1908 முதல் 1951 வரை. இரண்டும் 1951 ஏப்ரல் 14-இல் தெற்கு ரயில்வேயில் கலந்தன. இந்த எழுத்து குத்திய சுத்தியல் அந்த ஆண்டுக்குள் ரயில்வே பட்டறைக்கு வந்துவிட்டது என்பது உறுதி. மேலெல்லையை இவ்வளவு சுத்தமாகத் தரும் குறி நம் ஊரில் வேறு இல்லை. சுத்தியல் எங்கே செய்யப்பட்டது என்பது வேறு கேள்வி. அதற்கு மறுபக்கத்தில் செய்தவர் குறியைத் தேடுங்கள்.

ஏமாற்று

போலி பெரும்பாலும் முழுக் கருவியில் இருக்காது. ஒரு முத்திரையிலோ ஒரு பாகத்திலோ இருக்கும். மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, எழுத்தின் அடிப்பகுதி. பழைய மரத்தில் அன்றே குத்திய எழுத்தின் பள்ளமும் சுற்றியுள்ள மரமும் ஒரே நிறத்தில், ஒரே அழுக்கில் இருக்கும். பழுப்பேறிய மேல்தோலை உடைத்துக்கொண்டு எழுத்து இறங்கியிருந்தால், முத்திரை மரத்தைவிட இளையது.

இரண்டாவது, தேய்மானம் கை போகும் இடத்தில் இருக்கிறதா? கைப்பிடியின் உட்புறமும் கட்டைவிரல் தங்கும் இடமும் மழுமழுவென்று இருக்க வேண்டும்; கை போகாத மூலைகளில் கூர்மை மிஞ்சியிருக்க வேண்டும். எல்லா ஓரமும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை.

மூன்றாவது, மரம் சுருங்கிய விதம். மரம் நாருக்குக் குறுக்கே சுருங்கும். நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. குறுக்கு நாரில் கடைந்த வட்டமான பழைய பாகம் சற்று முட்டை வடிவமாகியிருக்கும். காலிப்பரில் இரண்டு திசையில் அளந்து பாருங்கள்.

லண்டன் பெயரும் விக்டோரியா காலத்து ஆண்டும் பொறித்த பளபளப்பான பித்தளைத் திசைகாட்டிகள் இந்தியாவிலேயே அலங்காரப் பொருளாகச் செய்யப்படுகின்றன. அலங்காரமாக விற்றால் குற்றமில்லை; பழம்பொருள் விலை கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

தீர்ப்பை எழுதுவது

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். மாதிரி:

*பொருள்:* இழைப்புளி, ஸ்டான்லி எண் 4.
*உடல்:* மூக்கில் 'பெய்லி'; மூன்று தேதிகள். 1910–1920-களின் நடு.
*குமிழ்:* குட்டை, மூலப் பாகம். 1919 வாக்கிற்கு முன்.
*லீவர் கேப்:* முந்திரித் துளை. 1933-க்குப் பின், மாற்றுப் பாகம்.
*அலகு:* இதய முத்திரை. 1920–1930-களின் நடு, மாற்றுப் பாகம்.
*உடைமைக் குறி:* எஸ்.ஐ.ஆர். 1951-க்குள் ரயில்வே வசம்.
*தீர்ப்பு:* உடல் நியூ பிரிட்டன், 1910–1918 வாக்கு. இரண்டு பாகங்கள் பிந்தியவை.
*உறுதி:* உடலுக்கு உறுதி; குமிழ் மூலப் பாகம் என்பது ஊகம்.

கடைசி வரியைத் தவிர்க்காதீர்கள். மேலே உள்ள தீர்ப்பு குமிழை நம்பி நிற்கிறது. குமிழும் மாற்றுப் பாகம் என்று நாளை தெரிந்தால் உடலின் எல்லை 1920-களின் நடுவுக்கு விரியும். எந்தச் சாட்சி விழுந்தால் எந்த எல்லை நகரும் என்பது சீட்டிலேயே தெரிய வேண்டும். விலை பேசும்போதும் இதே சீட்டைக் காட்டுங்கள்: உடலுக்கு முழு விலை, மாற்றுப் பாகத்துக்கு உழைக்கும் பாகத்தின் விலை, ஊகத்துக்கு ஒன்றும் இல்லை.